கிறிஸ்தவ மீட்பை உண்மையாகச் சொன்ன நாவல்களும் திரைப்படங்களும் எவை?

கிறிஸ்தவ விசுவாசத்தையும் மீட்பையும் பிரசாரமாக்காமல் கலையாகச் சொன்ன படைப்புகள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட படைப்பை வாசிக்கும்போதோ பார்க்கும்போதோ நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: மன்னிப்புக் கிடைத்த பிறகு அந்த மனிதன் என்ன செய்கிறான்? கண்ணீர், ஜெபம், பின்னணியில் பாடகர் குழு என்று அந்த இடத்திலேயே முடிந்துவிடும் படங்கள் ஏராளம். ஆனால் கிருபை தகுதி பார்த்து வருவதில்லை; அதனாலேயே, பெற்றவனுக்கு அது வாழ்நாள் முழுவதும் சுமக்கவேண்டிய பாரமாகவும் ஆகிவிடுகிறது. அந்தப் பாரத்தையும் காட்டத் துணிந்த படைப்புகளே என் மனத்தில் நிற்கின்றன.

முதலில் விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட நாவலைச் சொல்ல வேண்டும். சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்ததும், 1950இல் கே. ராம்நாத் இயக்கத்தில் நாகையா நடித்துத் திரைப்படமாக வந்ததும் அந்தக் கதைதான். பத்தொன்பது ஆண்டுகள் சிறையில் கிடந்து வெளியே வந்த ழான் வல்ழான், தனக்குச் சோறும் படுக்கையும் கொடுத்த ஆயரின் வெள்ளிச் சாமான்களையே திருடிக்கொண்டு ஓடுகிறான். காவலர்கள் பிடித்து வந்து நிறுத்தியபோது, அவற்றைத் தாமே கொடுத்ததாகச் சொல்லும் ஆயர், மெழுகுவர்த்தித் தண்டுகளை ஏன் விட்டுச் சென்றாய் என்று கேட்டு அவற்றையும் அவன் கையில் கொடுக்கிறார். இந்தக் காட்சி எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு அடுத்து வரும் அத்தியாயம் பலருக்குத் தெரியாது. பல திரைவடிவங்கள் அதை விட்டுவிடுகின்றன. ஆயரிடம் மன்னிப்புப் பெற்ற அதே நாளில், மாலை வேளையில், பாடிக்கொண்டே வரும் ஒரு ஏழைச் சிறுவனின் கையிலிருந்து தவறி உருண்ட நாணயத்தைக் காலால் மிதித்து மறைத்துக்கொள்கிறான் வல்ழான். பையன் அழுகிறான், கெஞ்சுகிறான். இவன் அதட்டி விரட்டுகிறான். பையன் போன பிறகு, காலடியில் கிடந்த காசைப் பார்த்த நொடியில்தான் அவனுக்குள் ஏதோ உடைகிறது. சிறுவனின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருட்டில் ஓடுகிறான். பத்தொன்பது ஆண்டுகளில் முதல்முறையாக அழுகிறான். மன்னிப்புக்குப் பிறகும் பாவம் செய்த மனிதனைக் காட்டியதால்தான், பின்னால் அவன் மேயராகி ஏழைகளுக்கு வாரி வழங்குவதை நம்மால் நம்ப முடிகிறது. தனக்குப் பதிலாக வேறொருவன் தண்டனை பெறப்போகும் வேளையில் நீதிமன்றத்தில் எழுந்து நின்று தன்னையே காட்டிக்கொடுப்பதும் அந்த இரவின் தொடர்ச்சிதான். இதற்கு நேர் எதிரே நிற்கிறார் காவல் அதிகாரி ஜாவர். தமிழ்ப் படத்தில் அந்த வேடத்தில் நடித்த சீதாராமனுக்கு அதுவே அடைமொழியாகிவிட்டது. தான் துரத்திய குற்றவாளியே தன் உயிரைக் காப்பாற்றி அனுப்பியதை ஜாவரால் தாங்க முடியவில்லை. ஆற்றில் குதித்து உயிரை விடுகிறார். இரக்கத்தை ஏற்றுக்கொள்ள முடியாமல் போவதும் மனிதனுக்கு நேரக்கூடியதே என்று ஹியூகோ கண்டிருந்தார்.

கிரகாம் கிரீன் 1940இல் வெளியிட்ட 'The Power and the Glory' நாவலின் நாயகன், மெக்சிகோவில் திருச்சபை ஒடுக்கப்பட்ட காலத்தில் ஒளிந்து திரியும் ஒரு குருவானவர். குடிப்பவர், ஒரு பெண்குழந்தைக்குத் தகப்பன். எல்லையைக் கடந்து பிழைத்த பிறகும், சாகக்கிடக்கும் ஒருவனுக்குப் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்பதற்காக, சூழ்ச்சி என்று தெரிந்தே திரும்பிப் போகிறார். தம் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க ஒரு குருவானவர் கிடைக்காமலேயே அவர் சுட்டுக்கொல்லப்படுகிறார். தம்மைத் தோற்றவராகவே எண்ணிச் சாகிறார் என்பதுதான் அந்த நாவலின் பலம்.

ஆயினும் என்னை மிகவும் உலுக்கியது ஷுசாகு எண்டோவின் 'மௌனம்' நாவலே (1966). பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானில் விசுவாசிகள் வேட்டையாடப்படும்போது ரகசியமாக அங்கே செல்லும் ரோட்ரிகஸ் என்ற போர்த்துகீசிய இயேசு சபைக் குரு, சிறையில் ஓர் இரவு குறட்டைச் சத்தம் கேட்கிறார். காவலாளி நிம்மதியாகத் தூங்குகிறான் என்று நினைத்து அவருக்குச் சிரிப்பு வருகிறது. பிறகுதான் தெரிகிறது, அது குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட ஏழை விசுவாசிகளின் முனகல் என்று. அவர்கள் ஏற்கெனவே விசுவாசத்தை மறுதலித்துவிட்டார்கள். ஆனால் குருவானவரும் மறுதலிப்பின் அடையாளமாகக் கிறிஸ்துவின் உருவத்தை மிதிக்கும்வரை அவர்களை இறக்கமாட்டார்கள். அவர் மிதிக்கிறார். அது வீழ்ச்சியா, அன்பின் உச்சமா என்று எண்டோ தீர்ப்புச் சொல்வதில்லை. திரும்பத் திரும்ப மறுதலித்து, திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து நிற்கும் கிச்சிஜிரோவை நாவல் முழுவதும் அருவருத்த ரோட்ரிகஸ், தாமும் அவனைப் போல் ஆன பிறகு அவன் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கும் இடத்தை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. மார்ட்டின் ஸ்கார்செஸி 2016இல் எடுத்த படம் நாவலுக்குப் பெரிதும் உண்மையாக இருக்கிறது; ஆனால் இறுதியில், எரியும் ரோட்ரிகஸின் உடலின் கைக்குள் ஒரு சிறு சிலுவையைக் காட்டிவிடுகிறது. நாவலில் அது இல்லை. பார்வையாளருக்கு அந்த ஆறுதல் தேவைப்படலாம், ஆனாலும் எண்டோ விட்டுவைத்த மௌனத்தையே நான் மதிக்கிறேன்.

தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' எம். ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் தமிழிலேயே கிடைக்கிறது. கொலை செய்த முன்னாள் மாணவன் ரஸ்கோல்நிகோவுக்கு, குடும்பத்துக்காக உடலை விற்க நேர்ந்த சோனியா, லாசரு உயிர்த்தெழுந்த பகுதியை வாசிக்கும் காட்சியில், அவள் கையிலுள்ள புதிய ஏற்பாடு அவன் கொன்ற லிசவேத்தா கொண்டுவந்து கொடுத்தது என்பதைக் கவனியுங்கள். அந்த வாசிப்பு அவனை உடனே மாற்றிவிடுவதில்லை. சரணடைந்து சைபீரியாவுக்குப் போன பிறகும் நெடுங்காலம் அவன் மனம் இறுகியே கிடக்கிறது. பின்னுரை தேவையற்றது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, அதையும் விடாமல் வாசியுங்கள்.