உண்ட வீடு எது? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

2022 கால்பந்து உலகக் கோப்பை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு பழைய ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுவிட்சர்லாந்து – கேமரூன் ஆட்டத்தில் பிரீல் எம்போலோ கோல் போட்டுவிட்டு, கொண்டாடாமல் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்கிறார். பக்கத்தில் இருந்த அப்பா காரணம் கேட்டார். அவர் கேமரூனில் பிறந்தவர், இப்போது சுவிஸ் குடிமகன் என்றேன். "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டு கையைத் தூக்கினா சரியாப் போச்சா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. பணத்துக்காகவோ வாய்ப்புக்காகவோ நாட்டை மாற்றிக்கொண்டு ஆடுவதை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

ஆர்., திருநெல்வேலி

அன்புள்ள ஆர்.,

அப்பா சொன்ன பழமொழியை அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட வேண்டாம். அதற்குள்ளேயே ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. உண்ட வீடு எது? எம்போலோ விஷயத்தில் பதில் எளிது. கேமரூன் தலைநகர் யாவுண்டேயில் பிறந்தாலும் சிறுவனாகவே ஐரோப்பாவுக்கு வந்துவிட்டவர், பந்து பழகியது சுவிட்சர்லாந்தின் பாசலில். அப்பாவின் கணக்குப்படியே அவர் உண்ட வீட்டுக்குத்தான் ஆடினார். கையைத் தூக்கியது பிறந்த வீட்டுக்கு.

ஆனால் எல்லோருடைய கதையும் இப்படி எளிதாக முடிவதில்லை. மூன்று நாடுகளுக்கு ஆடிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஹங்கேரியில் லாஸ்லோ, செக்கோஸ்லோவாக்கியாவில் லடிஸ்லாவ், ஸ்பெயினில் லடிஸ்லாவோ. குடும்பப் பெயர் மட்டும் மாறவில்லை: குபாலா.

1927இல் புடாபெஸ்ட்டில் பிறந்தார். அப்பா கொத்தனார், அம்மா தொழிற்சாலைத் தொழிலாளி. குடும்பத்துக்கு ஸ்லோவாக் வேர் உண்டு. போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், செக்கோஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவுக்குப் போய் ஸ்லோவன் அணியில் சேர்ந்தார். ஹங்கேரிய ராணுவ சேவையிலிருந்து தப்பத்தான் போனார் என்பார்கள். அங்கே செக்கோஸ்லோவாக்கிய அணிக்காக ஆறு ஆட்டங்கள். ஸ்லோவன் அணியின் பயிற்சியாளர் ஃபெர்டினாண்ட் டவுசிக்கின் தங்கையைக் கல்யாணமும் செய்துகொண்டார். 1948இல் மறுபடி புடாபெஸ்ட், வாஷாஷ் கிளப். இந்த முறை செக்கோஸ்லோவாக்கிய ராணுவ அழைப்புக்குப் பயந்து வந்ததாகச் சொல்வார்கள். ஹங்கேரிக்காக மூன்று ஆட்டம். இரண்டு நாடுகளும் இவர் தலையில் ராணுவத் தொப்பியை மாட்டத் துரத்துகின்றன, இவர் எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடுகிறார். பந்தை வைத்துக்கொண்டு டிஃபெண்டர்களுக்குப் போக்கு காட்டியதும் ஏறக்குறைய இப்படித்தான்.

1949 ஜனவரியில் ஹங்கேரியில் கம்யூனிஸ்ட் ஆட்சி இறுகிக்கொண்டிருந்தபோது, சோவியத் சிப்பாய் வேஷத்தில் ஒரு லாரியில் ஏறி ஆஸ்திரியாவுக்குத் தப்பினார். அங்கிருந்து இத்தாலி. மனைவியும் கைக்குழந்தையும் பிறகு வந்து சேர்ந்தார்கள். அந்த மே மாதம் டொரினோ அணியோடு லிஸ்பனுக்குப் போய் ஒரு நட்பு ஆட்டத்தில் ஆட அழைப்பு வந்தது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று குபாலா போகவில்லை. திரும்பி வந்த விமானம் மே 4 அன்று டூரின் பக்கத்திலுள்ள சுப்பர்கா குன்றில் மோதி 31 பேரும் இறந்தார்கள். இத்தாலியின் மிகச் சிறந்த அணி ஒரே நாளில் இல்லாமல் போயிற்று.

அதற்குள் ஹங்கேரி புகார் செய்திருந்தது: ஒப்பந்தத்தை மீறினார், அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போனார் என்று. உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா தடை போட்டது. ஆடத் தெரியும், ஆட முடியாது. ரோம் நகரத்துச் சினிமா ஸ்டுடியோவான சினெச்சித்தாவில் அப்போது அகதி முகாம் நடந்துகொண்டிருந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்து 'ஹங்காரியா' என்று ஓர் அணி உருவானது. மைத்துனர் டவுசிக்தான் பயிற்சியாளர். 1950இல் இந்த அகதி அணி ஸ்பெயினுக்குப் போய் நட்பு ஆட்டங்கள் ஆடியது. ரியல் மாட்ரிட்டுக்கும் பார்சலோனாவுக்கும் ஒரே நேரத்தில் நாக்கில் எச்சில் ஊறியது. டவுசிக்கையும் பயிற்சியாளராக எடுத்துக்கொள்கிறோம் என்று ஒத்துக்கொண்டு பார்சலோனா குபாலாவைத் தட்டிச் சென்றது. குடிபோதையில் ரயிலில் ஏறியவர், மாட்ரிட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே பார்சலோனாவில் இறங்கினார் என்று ஒரு கதை உண்டு. நான் நம்பவில்லை. ஆனால் பார்சலோனாக்காரர்களுக்கு அதைச் சொல்லச் சொல்ல அலுப்பதில்லை.

அப்புறம் ஞானஸ்நானம், 1951இல் ஸ்பானியக் குடியுரிமை. எனக்கு உறுத்தும் இடம் இதுதான், ஆர். சர்வாதிகாரி பிராங்கோவின் ஸ்பெயின் இவரை அகதி என்று இரங்கிச் சேர்த்துக்கொள்ளவில்லை. கம்யூனிசத்திலிருந்து தப்பிவந்த நாயகன் என்று காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. 1955இல் இவர் கதையைப் படமாகவே எடுத்தார்கள், இவரே நடித்தார். அதே சினெச்சித்தா முகாமில் ஃப்ரீகிக் அடிக்கத் தெரியாத தச்சர்களும் தையல்காரர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுக்காக யாரும் ஃபிஃபாவிடம் தூது போகவில்லை. குடியுரிமை குபாலாவுக்குக் கிடைத்தது என்பதைவிட, அவருடைய கால்களுக்குக் கிடைத்தது என்பதுதான் சரி.

அந்தக் கால்கள் என்ன செய்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுவராக நிற்பவர்களின் தலைக்கு மேலே பந்தை வளைத்து அடிக்கும் ஃப்ரீகிக் அவருடைய முத்திரை. 1952 பிப்ரவரியில் ஸ்போர்ட்டிங் கிஹோனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஏழு கோல். அந்த சீசனில் பார்சலோனா ஐந்து கோப்பை வென்றது. பழைய லெஸ் கோர்ட்ஸ் மைதானத்தில் இடம் போதாமல் 1957இல் கேம்ப் நூ திறக்கப்பட்டபோது, அதைக் கட்டியது குபாலாதான் என்று ஊர் பேசியது. பிறகு அங்கே அவருக்குச் சிலையும் வைத்தார்கள்.

ஆனால் உலகக் கோப்பையில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை! 1954 தகுதிச் சுற்றில் ஸ்பெயின் மாட்ரிட்டில் துருக்கியை 4–1 என்று அடித்தது, இஸ்தான்புல்லில் 0–1 என்று தோற்றது. கோல் வித்தியாசம் பார்க்கும் வழக்கம் அப்போது இல்லை. மூன்றாவது ஆட்டம் ரோமில். ஆட்டம் தொடங்கப் போகும் நேரத்தில், குபாலா ஆடுவது பற்றி எச்சரித்து ஃபிஃபா பெயரில் ஒரு தந்தி. ஸ்பெயின் பயந்துபோய் அவரை உட்கார வைத்துவிட்டது. ஆட்டம் 2–2. கடைசியில் ஒரு சிறுவனின் கண்ணைக் கட்டிச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். துருக்கியின் பெயர் வந்தது. அகதியாக நின்ற அதே ஊரில் மறுபடி ஒரு காகிதத்தால் வெளியே. 1957 நவம்பரில் மாட்ரிட்டுக்கு வந்த துருக்கியை ஸ்பெயின் 3–0 என்று வென்றது. மூன்று கோலும் குபாலாதான்.

இழந்தது ஸ்பெயினோடு நிற்கவில்லை. 1953 அக்டோபரில் வெம்ப்ளியில் இங்கிலாந்துக்கு எதிராக ஃபிஃபா ஓர் உலக அணியை இறக்கியது. 4–4 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் குபாலாவுக்கு இரண்டு கோல். அடுத்த மாதமே அதே மைதானத்தில் ஹங்கேரி இங்கிலாந்தை 6–3 என்று நொறுக்கியது. புஷ்காஷ், கோச்சிஷ், சிபோர், ஹிதெகுட்டி இருந்த அந்த அணியில் இவரும் இருந்திருக்க வேண்டியவர். அந்தத் தங்க அணி 1954 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பெர்ன் நகரத்தின் வாங்க்டார்ஃப் மைதானத்தில் மேற்கு ஜெர்மனியிடம் 3–2 என்று தோற்றது. ஹங்கேரியின் 1956 புரட்சிக்குப் பின் கோச்சிஷும் சிபோரும் ஊர் திரும்பாமல் பார்சலோனாவுக்கே வந்து சேர்ந்தார்கள். 1961இல் கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம், எதிரே போர்ச்சுகலின் பென்ஃபிகா, மைதானம் அதே வாங்க்டார்ஃப். கோச்சிஷ் ஒரு கோல், சிபோர் ஒரு கோல். குபாலா அடித்த பந்து ஒரு கம்பத்தில் பட்டு, கோட்டோரமாகவே ஓடி மறு கம்பத்திலும் பட்டு வெளியே வந்தது. மறுபடி 3–2 தோல்வி. ஹங்கேரியை விட்டு ஓடியவருக்கு ஹங்கேரியின் தலைவிதி மட்டும் ஏழு வருடம் தாமதமாக அதே முகவரிக்கு வந்தது.

பணத்துக்காகவா என்று கேட்டிருந்தீர்கள். பணமும்தான், இல்லை என்று சொன்னால் பொய். பார்சலோனா நல்ல சம்பளம் கொடுத்தது, குபாலா அதைத் தாராளமாகச் செலவழித்தார். ஆனால் சோவியத் சீருடை போட்டு லாரியில் ஏறும் இருபத்தொரு வயதுப் பையனிடம் பார்சலோனாவின் ஒப்பந்தம் எதுவும் இல்லை.

1962 சிலி உலகக் கோப்பையில் ஸ்பெயின் அணியைப் பார்த்தால் சந்தை மாதிரி இருக்கும். ஹங்கேரியின் புஷ்காஷ், உருகுவேயின் சாந்தாமரியா, ஆடாவிட்டாலும் காயத்தோடு போன அர்ஜென்டினாவின் டி ஸ்டெஃபானோ. முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஃபிஃபா கதவைச் சாத்தியது. இன்றைய விதிப்படி, 21 வயதுக்குள் மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஆடாமல், இன்னும் சில நிபந்தனைகளுக்கும் உட்பட்டால் ஒரே ஒரு முறை மாறலாம். குபாலா போல மூன்று நாடுகளுக்கு ஆடுவது இன்று ஏறக்குறைய நடக்காத காரியம்.

அவர் கடைசியில் உலகக் கோப்பைக்குப் போனது 1978இல், அர்ஜென்டினாவுக்கு, ஸ்பெயின் அணியின் பயிற்சியாளராக. 1969 முதல் 1980 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். சோறு போட்ட வீட்டுக்குப் பதினோரு வருடம் சமைத்தும் போட்டிருக்கிறார். இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.