வல்லாரையா, நீர்ப்பிரம்மியா? கேள்வி பதில்

போன மாதம் நம் மாடித்தோட்ட நண்பர்களுக்கு நாற்று கொடுத்ததிலிருந்து வல்லாரை பற்றிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பிரித்துப் பார்த்தால் அதில் பாதி வல்லாரை பற்றியதே இல்லை, நீர்ப்பிரம்மி என்ற வேறொரு மூலிகை பற்றியது. கேட்டவர்களுக்கே அது தெரியவில்லை, பாவம். எனவே இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

வேளச்சேரியிலிருந்து: அக்கா, நர்சரியில் ‘பிரம்மி’ என்று அட்டை குத்தியிருந்த செடியை வாங்கி வந்தேன். மாமியார் பார்த்துவிட்டு, “இது வல்லாரையே இல்லை” என்கிறார். நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

ஏமாற்றவில்லை. உங்கள் மாமியார் சொல்வதும் சரிதான். வடக்கே பல ஊர்களில் இரண்டு செடியையுமே ‘பிராமி’ என்பார்கள். குழப்பம் அங்கிருந்துதான் நம் நர்சரி அட்டைக்கு வந்தது. ஆயுர்வேத மருந்து நூல் பட்டியலில் பிராமி என்றால் நீர்ப்பிரம்மி மட்டும். வல்லாரைக்கு அங்கே மண்டூகபர்ணி என்று பெயர். மண்டூகம் என்றால் தவளை. கேரளத்தில் இந்தச் சிக்கலே இல்லை: பிரம்மி வேறு, முத்தில் வேறு. முத்தில்தான் நம் வல்லாரை.

ஒரு தண்டைக் கிள்ளிக் கையில் வைத்துப் பாருங்கள். வல்லாரை என்றால் ஒரு நீளக் காம்பு, அதன் நுனியில் ஒரே ஒரு இலை. இலை சிறுநீரக வடிவத்தில், ஓரம் முழுக்க அரைவட்டப் பல்லோடு இருக்கும். கசக்கினால் லேசான பச்சை வாசம் வரும். கொத்தமல்லி, கேரட் குடும்பம் அல்லவா! நீர்ப்பிரம்மியில் தண்டின் இரு பக்கமும் ஜோடி ஜோடியாகக் குட்டி இலைகள். பருப்புக்கீரை மாதிரி தடிப்பாக, நீர் கோத்து இருக்கும். விரலால் நசுக்கினால் சாறு கசியும். நாக்கில் வைத்தால் அந்தக் கசப்பு பத்து நிமிடத்துக்குப் போகாது. பூ வெளிர் ஊதா அல்லது வெள்ளை, ஐந்து இதழ். வல்லாரைப் பூவைப் பார்க்க வேண்டுமானால் மண்ணோடு மண்ணாகக் குனிய வேண்டும். அவ்வளவு சிறியது, அதுவும் இலைக்கடியில் ஒளிந்திருக்கும்.

கோவையிலிருந்து: இரண்டுக்கும் ஈரம் பிடிக்கும் என்கிறார்கள். ஒரே தொட்டியில் வைத்துவிடலாமா?

நானும் முதல் வருடம் அப்படித்தான் நினைத்தேன். வல்லாரைக்குப் போட்ட அதே கலவையில், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) பாதி, மண்புழு உரம் பாதி, நீர்ப்பிரம்மியையும் நட்டேன். நன்றாகத்தான் பிடித்தது. மே மாதம் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நாள் வெளியூர் போய் வந்து பார்த்தால் வல்லாரை தலை தொங்கிக் கிடக்கிறது, நீர்ப்பிரம்மி வைக்கோலாகிவிட்டது. தண்ணீர் ஊற்றியதும் வல்லாரை கணுவிலிருந்து திரும்பத் துளிர்த்தது. மற்றது போனது போனதுதான்.

அப்புறம்தான் புரிந்தது, ‘ஈரம்’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு செடியிடமும் இரண்டு அர்த்தம். வல்லாரை வரப்போரச் செடி. கால் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் வேருக்கு மூச்சும் வேண்டும். அடியில் ஓட்டை உள்ள, அகலமான, ஆறு முதல் எட்டு அங்குல ஆழத் தொட்டி போதும். ஓடுதண்டு விட்டுப் படர்கிற செடி என்பதால் ஆழத்தைவிட அகலம் முக்கியம். நான் மீன் கடையில் தூக்கிப் போடும் தெர்மகோல் பெட்டியில் வளர்க்கிறேன். ஓட்டை போட்டு நாலு முறை கழுவி வெயிலில் காயவைத்தால் மீன் நாற்றம் போய்விடும்.

நீர்ப்பிரம்மி குளத்துச் செடி. ஓட்டையே இல்லாத பழைய பிளாஸ்டிக் டப், அதில் நாலு அங்குலம் களிமண் அல்லது வண்டல், கொஞ்சம் மக்கிய தொழு உரம், மேலே சேறாகத் தளும்பும் அளவுக்குத் தண்ணீர். கோகோபீட்டை மறந்துவிடுங்கள், தண்ணீர் விட்டால் மிதக்கும். கணு உள்ள மூன்று அங்குலத் துண்டுகளைச் சேற்றில் படுக்கவைத்து லேசாக அமுக்கினால் போதும், ஒவ்வொரு கணுவிலும் வேர் வரும். மீன்தொட்டி வளர்ப்பவர்கள் இதை நீருக்கடியிலேயே வளர்க்கிறார்கள்.

வெயிலிலும் இரண்டும் எதிரெதிர். நீர்ப்பிரம்மிக்கு நேர் வெயில் வேண்டும், நிழலில் வைத்தால் தண்டு மட்டும் நூலாக நீளும். வல்லாரைக்குக் காலை வெயில் போதும், மதியம் 50 சதவீத நிழல்வலை வேண்டும்.

கொழும்பிலிருந்து: அக்கா, யாழ்ப்பாணத்தில எங்கட கிணத்தடி வல்லாரை கொழுத்த இலையோட நிக்குது. அதில கொஞ்சம் கொண்டுவந்து பிளாட் பல்கனியில வச்சன். இலை காசு அளவுக்குச் சிறுத்துப்போச்சு. என்ன பிழை?

பின்னேர வெயில் அடிக்கும் பல்கனியாக இருக்குமே? கிணற்றடியில் வாழை நிழலும் இருக்கும், குளிக்கிற தண்ணீர் ஓயாமல் ஓடிக்கொண்டும் இருக்கும். வெயில் கூடினால் வல்லாரை காம்பைக் குட்டையாக்கி, இலையைச் சிறிதாக்கித் தரையோடு ஒட்டிக்கொள்ளும், ஓரம் செம்பழுப்பாகும். நிழலில் இலைக்கு வெளிச்சம் தேடிக் காம்பு நீளும், இலை விரியும். ஆகவே செடிக்கு நோய் ஒன்றுமில்லை. தொட்டியைப் பெரிய செடி ஒன்றின் அடியில் தள்ளி வையுங்கள், 15 நாளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் தூவுங்கள். புது இலைகள் பெரிதாக வரும். சின்ன இலையும் வீணில்லை. தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப்புளி (நம் எலுமிச்சைச் சாறு) போட்டு நீங்கள் செய்யும் சம்பலுக்கு அதன் காரமான கசப்பு இன்னும் எடுப்பாக இருக்கும் என்பது என் கட்சி.

திருவான்மியூரிலிருந்து: எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. எது தாங்கும்?

நீர்ப்பிரம்மி. கடலோர உவர்நீர்ச் சதுப்பிலேயே வளரும் செடி அது. வல்லாரைக்கு இலை ஓரம் கருகும். மழைநீர் சேமித்து ஊற்ற முடிந்தால் மட்டும் வல்லாரை வையுங்கள்.

தாம்பரத்திலிருந்து: டப்பில் தண்ணீர் நின்றால் கொசு வராதா? பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்.

அவர் சண்டைக்கு வருவதில் நியாயம் இருக்கிறது. மேலே தண்ணீர் தேங்கி நிற்க வேண்டிய அவசியமே இல்லை. சேறு காயாமல் இருந்தால் செடிக்குப் போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை மேல்தண்ணீரைச் சுண்டவிட்டு மறுபடி ஊற்றுங்கள். செடி டப்பை முழுக்க மூடிய பிறகு திறந்த நீரே கண்ணில் படாது.

மதுரையிலிருந்து: எங்கள் வல்லாரை வட்ட வட்டமாக, பளபளவென்று அழகாக இருக்கிறது. துவையல் அரைத்தால் வாசமே இல்லையே?

ஐயா, அரைப்பதை நிறுத்துங்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பு இலையின் நடுவில், குடைக்குக் கம்பி போல ஒட்டியிருந்தால் அது அழகுக்கு வளர்க்கும் காசு இலைச் செடி. வல்லாரையில் ஒரு பக்கம் பிளவு இருக்கும், காம்பு அந்தப் பிளவில்தான் சேரும். வயல்வெளியில் பறிப்பவர்கள் எலிக்காது இலையையும் வல்லாரை என்று கொண்டுவருவதுண்டு. அதில் மஞ்சள் பூ பூக்கும். மஞ்சள் பூவைக் கண்டால் விட்டுவிடுங்கள்.

திருச்சியிலிருந்து: வாய்க்கால் ஓரம் வல்லாரை பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. பறிக்கலாமா?

நாற்றுக்குப் பறியுங்கள், நன்றாகக் கழுவி நடுங்கள். அந்த இலையைச் சாப்பிட வேண்டாம். சாக்கடை கலக்கும் இடமென்றால் நாற்றுக்கும் வேண்டாம். இரண்டு செடியுமே மண்ணிலும் நீரிலும் உள்ள ஈயம், காட்மியம் போன்றவற்றை உறிஞ்சி வைத்துக்கொள்பவை. நட்ட இரண்டு, மூன்று மாதத்தில் உங்கள் தொட்டியிலேயே அறுவடை வந்துவிடும். அடிக்கணுவை விட்டு இலையைக் காம்போடு கிள்ளினால் திரும்பத் திரும்ப வரும்.

சேலத்திலிருந்து: மகள் பிளஸ் டூ. தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். எதைக் கொடுத்தால் ஞாபகம் நிற்கும், அக்கா?

“வல்லாரை உண்டவனோடு மல்லாடாதே” என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். ஆசை புரிகிறது. ஆனால் மூன்று வாரத்தில் ஒன்றும் நடக்காது. ஞாபகசக்திக்கு அதிகம் சோதிக்கப்பட்டது நீர்ப்பிரம்மிதான். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதில் நிறைய வேலை செய்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் செய்து 2001-ல் வெளியான ஒரு சோதனையில் தினம் 300 மில்லிகிராம் சாறுச்சத்து கொடுத்தார்கள். வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது 12 வாரம் கழித்துத்தான். அதுவும் பெரியவர்களிடம், அளவு நிர்ணயித்த சத்தில். நம் டப்பில் கிள்ளிய பத்து இலைக்கு அதே கணக்கு பொருந்தாது. வெறும் வயிற்றில் கொடுத்தால் வயிற்றைப் பிசையும், பேதியாகும்; தேர்வு நேரத்தில் அது தேவையா? வாரம் இரண்டு நாள் வல்லாரைத் துவையல் போடுங்கள், கீரையாக நல்லது. நல்லெண்ணெயில் வதக்கி, உளுந்தும் வரமிளகாயும் தேங்காயும் வைத்து அரையுங்கள். அப்புறம் பிள்ளையைப் பத்து மணிக்குத் தூங்கவிடுங்கள்.

ஈரோட்டிலிருந்து: அப்பா தைராய்டு மாத்திரையும் வலிப்பு மாத்திரையும் எடுக்கிறார். தினம் பொடி சாப்பிடலாமா?

டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். நீர்ப்பிரம்மி சுண்டெலிகளில் தைராய்டு சுரப்பைக் கூட்டியிருக்கிறது. இரண்டு செடியுமே மயக்கம் தரும் மருந்துகளோடு சேரும்போது தூக்கத்தைக் கூட்டலாம். வல்லாரை மாத்திரை சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்த 3 பெண்களைப் பற்றி 2005-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. துவையலுக்குப் பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் பொடி, மாத்திரை என்று போவது வேறு விஷயம். கர்ப்பிணிகளுக்கும் இதையேதான் சொல்வேன்.

மயிலாப்பூரிலிருந்து: இடம் ஒரு தொட்டிக்குத்தான் இருக்கிறது. ஒன்று சொல்லுங்கள்.

கிழக்குப் பார்த்த பால்கனியா? வல்லாரை. நாள் முழுக்க வெயில் காயும் மொட்டைமாடியா? நீர்ப்பிரம்மி, ஆனால் ஊருக்குப் போகும்போது டப்பை நிழலுக்கு இழுத்துவிட்டுப் போங்கள். என்னிடம் வீட்டில் தினம் பயன்படுவது எது என்று கேட்டால் யோசிக்காமல் வல்லாரை என்பேன். நீர்ப்பிரம்மிக் கசப்பை எங்கள் வீட்டில் இதுவரை யாரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கியதில்லை. நாற்று இரண்டுமே என்னிடம் இருக்கிறது. வரும்போது ஈரத்துணி கொண்டு வாருங்கள், நீர்ப்பிரம்மித் தண்டு பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் வாடிவிடும்.