1971 கார்வெட் காரில் 330 குதிரைத்திறன், 1972-இல் 255: அந்த 75 குதிரைகள் எங்கே போயின?

பெரும்பாலும் எங்கும் போகவில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) இந்த ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டு வருடமும் வந்த எல்டி-1 எஞ்சின் ஏறக்குறைய ஒன்றுதான், மாறியது அளக்கும் முறை.

1971-இன் 330 'கிராஸ்' கணக்கு. ஏர் கிளீனர், முழு சைலன்சர் அமைப்பு எதுவும் இல்லாமல் எஞ்சினை மட்டும் சோதனை மேடையில் வைத்து அளந்தது. 1972-இன் 255 'நெட்' கணக்கு, அதாவது காரில் இருப்பதுபோல எல்லாவற்றையும் மாட்டி அளந்தது. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

சரிபார்க்க, கம்ப்ரஷன் விகிதத்தை, அதாவது எரியும் முன் பெட்ரோல்-காற்றுக் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதை, பாருங்கள். இரண்டு வருடமும் 9:1, கொள்ளளவும் அதே 5.7 லிட்டர். அப்புறம், 1971-க்கு ஜிஎம் நெட் எண்ணையும் வெளியிட்டது: 275. ஆக உண்மையான வித்தியாசம் 20 தான்.

ஆனால் 1970-ஐயும் சேர்த்தால் கதை வேறு. அதன் 370-உம் 1971-இன் 330-உம் கிராஸ் எண்களே. ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக கம்ப்ரஷனை 11:1-லிருந்து இறக்கினார்கள், அங்கே சக்தி நிஜமாகவே போனது. எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

கிராஸை நெட்டாக மாற்ற எல்லா எஞ்சினுக்கும் பொருந்தும் ஒரே பெருக்கல் எண் கிடையாது. அப்படி யாராவது கொடுத்தால் நம்பாதீர்கள்.