இரண்டு நாள் சான்றிதழ் போதுமா?

வணக்கம் டீச்சர். இரண்டு நாள் கலை சிகிச்சைப் பயிற்சி முடித்திருக்கிறீர்கள். அப்பாவை இழந்த ஏழாம் வகுப்பு மாணவன் எதை வரைந்தாலும் மேலே கறுப்பைப் பூசிவிடுகிறான், அவனுக்குச் சிகிச்சை தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிகிச்சை என்ற பெயரில் வேண்டாம். பிரிட்டனில் ஆர்ட் தெரபிஸ்ட் (கலை சிகிச்சையாளர்) என்ற பட்டத்துக்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. முதுகலைப் படிப்பு, மேற்பார்வையில் நேரடிப் பயிற்சி, அதோடு படிப்பவர் தானும் தெரபிக்குப் போக வேண்டும். கடைசி நிபந்தனைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிள்ளையின் துக்கம் நம் பழைய துக்கத்தைக் கிளறும்போது, எது யாருடையது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். 1942-ல் ‘ஆர்ட் தெரபி’ என்ற பெயரைத் தந்த ஏட்ரியன் ஹில், காசநோய் விடுதியில் படுத்தபடி வரைந்து மனம் தேறிய ஓவியர்தான். கறுப்பு என்றால் சோகம் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். தாள் முழுக்கக் கறுப்பு கிரேயான் தேய்த்த ஒரு சிறுமியிடம், "இதைப் பத்திச் சொல்றியா?" என்று மட்டும் கேட்டேன். "கரன்ட் போயிருச்சு, அப்பா மெழுகுவத்தி தேடறாரு" என்றாள். பிறகு நகத்தால் சுரண்டி ஒரு சின்ன வெள்ளைக் கோடு போட்டாள்.

அவனுக்குப் பெரிய தாளும் களிமண்ணும் கொடுங்கள். மார்க் வேண்டாம், சுவரில் ஒட்ட வேண்டாம், வாட்ஸ்அப்பில் போடவே வேண்டாம். தூக்கமோ சாப்பாடோ கெட்டால் அம்மாவிடம் பேசி மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். தான் சாவதைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.