மஞ்சள் தண்ணீரும் ஒரு பிடி பருப்பும்

கேள்வி: அக்கா, நான் ஹட்டனில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறேன். தோட்டத்திலிருந்து ஆறரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பகலுக்கு ரொட்டியும் சம்பலும், இல்லாவிட்டால் சோறும் உருளைக்கிழங்கும். மூன்று மணியானால் நிற்கவே முடியவில்லை. புரோட்டீன் மா வாங்கிக் குடி என்கிறாள் கூட வேலை செய்யும் பிள்ளை. அந்த டின்னை வாங்கினால் மாதக் கடைசியில் பஸ்ஸுக்குக் காசு இருக்காது. என்ன செய்ய?
- வாசகி, ஹட்டன்

பதில்: டின்னை விடுங்கள் தங்கச்சி. 50 கிலோ எடை உள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 கிராம் புரதம் போதும் (கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இன்னும் வேண்டும்). அதில் பாதிக்கு மேல் பகல் பெட்டியிலேயே வைத்துவிடலாம். நம் வீடுகளில் பருப்பு சமைக்காமலா இருக்கிறோம்? ஐந்து பேருக்கு ஒரு பிடி பருப்பு, சட்டி நிறையத் தண்ணீர், மேலே மஞ்சள் நிறம், அகப்பையை அடிவரை விட்டுத் துழாவினால்தான் பருப்பு தட்டுப்படும். அதை ஊற்றினால் சோறு நனையும், அவ்வளவுதான்.

உங்கள் பங்குக்கு மட்டும் 50 கிராம் மைசூர்ப் பருப்பு, கை நிறைய ஒரு பிடி என்று வையுங்கள், கரண்டியில் நிற்கிற மாதிரி கெட்டியாக வேகவைத்து, சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை போட்டுத் தாளியுங்கள். அதில் 12 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6. ரொட்டியையும் குறைவாக நினைக்காதீர்கள், 100 கிராம் கோதுமை மாவில் 10 கிராம் அளவில் உண்டு. மாவுப் புரதத்தில் குறைகிற சத்தைப் பருப்பு ஈடுகட்டும், அதனால் இரண்டும் ஒரே பெட்டியில் இருப்பது நல்லது. ஒரு நாள் பருப்பு, மறுநாள் கௌபி, இன்னொரு நாள் வறுத்த நெத்தலி என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

தேங்காய்ப் பால் மட்டும் வேண்டாம். வேலைக்குப் போன புதிதில் பால் விட்ட பருப்பைக் கொதிக்கக் கொதிக்க அடைத்து மூடிக் கொண்டுபோய், பகல் திறந்தபோது நுரைத்துப் புளித்துக் கிடந்தது. அன்றைக்கு எனக்குப் பகல் சாப்பாடு இரண்டு பணிஸ். பெட்டியில் போட்டதும் திறந்து வைத்து ஆவி போக விட்டு, பிறகு மூடுங்கள்.

அப்புறம் ஒன்று, தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்காதீர்கள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளத் தேயிலைச் சாயம் விடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். பருப்பில் கொஞ்சம் தேசிக்காய் பிழிந்தால் அந்தச் சத்து கூடுதலாகச் சேரும். இரண்டு மூன்று கிழமையிலும் களைப்பு மாறாவிட்டால் ஆஸ்பத்திரியில் இரத்தத்தைப் பரிசோதித்துப் பாருங்கள், இரத்தச் சோகைக்குச் சாப்பாடு மட்டும் போதாது.

கேள்வி: ஊவாவில் அம்மா அவித்தால் பஞ்சு மாதிரி இருக்கும் கடலை, இங்கே எனக்கு மட்டும் கல்லாக இருக்கிறதே?
- வாசகர், நுவரெலியா

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் பிழை இல்லை, மலைதான் காரணம். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 பாகைக்குப் போகாமல் 94 பாகையிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு போட்டாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. பிரஷர் குக்கர் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. இல்லாவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டு இராத்திரியே ஊறவையுங்கள், குளிர்ந்த தண்ணீரில் அந்தக் குளிருக்குச் சரியாக ஊறாது. தக்காளி, புளி எல்லாம் கடலை வெந்த பிறகுதான்; முன்னமே போட்டால் தோல் இறுகிவிடும்.

கேள்வி: சோயா மீட் கிழமைக்கு இரண்டு நாள் கொண்டுபோனால் கெடுதலா?
- வாசகி, பண்டாரவளை

பதில்: கெடுதல் இல்லை. காய்ந்த சோயாவில் பாதிக்குப் பாதி புரதம், 30 கிராம் ஊறவைத்தாலே 15 கிராம் கிடைக்கும். ஊறியதை நன்றாகப் பிழிந்துவிட்டு லீக்ஸோடு பிரட்டுங்கள். கூட வருகிற மசாலாப் பக்கற்றை முழுதாகக் கொட்டாதீர்கள், உப்பு அதிகம். பாதியை மடித்து வைத்தால் அடுத்த நாள் உருளைக்கிழங்குக்கு ஆகும்.