துப்பாக்கிச் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்கும் நகரங்கள்: கேள்வி பதில்

மின்கம்பங்களிலும் கூரைகளிலும் ஒலிவாங்கிகளைப் பொருத்தி, துப்பாக்கி வெடித்ததும் காவல்துறைக்குத் தகவல் அனுப்பும் ஏற்பாடு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இருக்கிறது. 1996இல் தொடங்கப்பட்ட ஷாட்ஸ்பாட்டர் நிறுவனம்தான் இதில் முதன்மையானது. 2023இல் சவுண்ட்திங்கிங் என்று பெயரை மாற்றிக்கொண்டது. நகரங்களுக்கு இது தேவைதானா என்று எங்கள் குழு உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு, ஒலியியல் துறையில் பணிபுரியும் மூத்த உறுப்பினர் ஒருவர் பதில் தருகிறார்.

தென்றல்: ஐயா, சத்தம் எங்கிருந்து வந்தது என்று கருவிக்கு எப்படித் தெரிகிறது?

காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. அருகில் உள்ள ஒலிவாங்கி முதலில் கேட்கும். தள்ளி இருப்பது சற்றுத் தாமதமாகக் கேட்கும். இரண்டு கருவிகள் கேட்டால், ஒரு வளைகோட்டின் மேல் எங்கோ சத்தம் எழுந்தது என்பது வரை சொல்லலாம். மூன்றாவது கருவியும் கேட்டுவிட்டால் இடம் பிடிபடும். நேரக் கணக்கில் விநாடியில் நூறில் ஒரு பங்கு பிசகினால் மூன்றரை மீட்டர் அளவுக்குத்தான் விலகல். எதிரொலியும் காற்றும் தொல்லை தரும், ஆனால் சமாளிக்கலாம்.

கேட்டது துப்பாக்கிதானா என்பதுதான் கடினமான பகுதி. கணினி முதலில் பட்டாசையும் வண்டிச் சத்தத்தையும் கழித்துவிடப் பார்க்கிறது. பிறகு நிறுவனத்தின் பணியாளர் ஒருவர் ஒலியைக் கேட்டு, அலைவடிவத்தைப் பார்த்து முடிவு சொல்கிறார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். அந்த அவசரத்தில் மனிதக் காது எத்தனை முறை ஏமாறும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

கணக்கன்: நிறுவனம் 97 சதவீதம் துல்லியம் என்கிறது. எதிர்ப்பவர்கள் பத்தில் ஒன்பது எச்சரிக்கைகள் வீண் என்கிறார்கள். யார் சொல்வது பொய்?

இரண்டுமே துல்லியத்தின் அளவு அல்ல. இந்த விவாதத்தில் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

97 சதவீதம் என்ற எண் எப்படி வருகிறது? எச்சரிக்கை தவறு என்று தெரிந்தாலோ, உண்மையான சூட்டைக் கருவி தவறவிட்டாலோ, காவல்துறை நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படிப் புகார் வராதவை எல்லாம் சரியானவை என்று கணக்கில் சேர்ந்துவிடும். காவலர் போகிறார், தெருவில் ஒன்றும் இல்லை, திரும்பி வருகிறார். பட்டாசுதான் வெடித்தது என்பதற்கும் அவரிடம் சான்று இல்லையே, எதை வைத்துப் புகார் செய்வார்? வகுப்பில் யாரும் கை தூக்கவில்லை என்பதால் எல்லோருக்கும் பாடம் புரிந்துவிட்டது என்று ஆசிரியர் எழுதிவைப்பதைப் போன்றது இது.

இனி மறுபக்கம். 2020 ஜனவரி முதல் 2021 மே வரை சிகாகோவில் வந்த சுமார் 50,000 எச்சரிக்கைகளை நகர நிர்வாகத்தைக் கண்காணிக்கும் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஆராய்ந்தது. துப்பாக்கிக் குற்றத்துக்கான சான்று கிடைத்தது சுமார் 9 சதவீதத்தில்தான். நியூயார்க்கின் தணிக்கையிலும், 2023 ஜூன் மாதத்துக்கு எடுத்துப் பார்த்தபோது, உறுதியானவை 13 சதவீதம். சான்று கிடைக்கவில்லை என்பதால் சூடே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. ரிவால்வர் தோட்டா உறையை வெளியே தள்ளாது, அதனால் தெருவில் உறை கிடைக்காது. இருட்டில் புல்வெளியில் விழுந்த உறையைத் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே உண்மையான விகிதம் இடையில் எங்கோ இருக்கிறது. ஆனால் நகரத்தின் பார்வையில் 9 சதவீதம்தான் பயனுள்ள எண். மீதமுள்ள தொண்ணூற்றொன்றுக்கும் வண்டி போயிருக்கிறது, ஆட்கள் போயிருக்கிறார்கள், அந்த நேரம் வேறு எதற்கோ கிடைக்காமல் போயிருக்கிறது. சிகாகோ தரவுகளை ஆராய்ந்த பொருளியல் ஆய்வு ஒன்று, இந்தக் கருவி வந்த பிறகு 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளுக்குக் காவலர் போய்ச் சேரும் நேரம் கூடியதாகக் கண்டது.

பொன்னி: குற்றம் குறைந்ததா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

குறைந்ததாக நிறுவப்படவில்லை. 1999 முதல் 2016 வரை 68 பெரிய மாவட்டங்களை எடுத்துக்கொண்டு 2021இல் வெளிவந்த ஆய்வு, துப்பாக்கிக் கொலைகளில் குறிப்பிடத்தக்க தாக்கம் எதையும் காணவில்லை. கன்சாஸ் சிட்டியில் தடயங்கள் அதிகம் கிடைத்தன. துப்பாக்கிச் சூடுகள் குறையவில்லை.

மருதன்: குற்றம் குறையாவிட்டால் என்ன ஐயா? யாரும் போன் செய்யாத தெருவில் ஒருவர் குண்டடிபட்டுக் கிடந்தால்?

இந்தக் கருவிக்கு ஆதரவாக உள்ள வாதங்களில் நான் மதிப்பது இது ஒன்றைத்தான். வாஷிங்டன், ஓக்லாந்து நகரங்களின் தரவுகளை வைத்து 2016இல் வந்த ஆய்வு, கருவி பதிவு செய்த துப்பாக்கிச் சூடுகளில் 12 சதவீதம் மட்டுமே 911 அழைப்பாக வந்ததாகச் சொன்னது. கருவியின் எண்ணிக்கையே மிகையாக இருக்கலாம் என்று தள்ளுபடி செய்தாலும், நிறைய சூடுகளை யாரும் தெரிவிப்பதில்லை என்பது உண்மை. பயம், வெறுப்பு, பழகிப்போன சலிப்பு எல்லாம் காரணம். நியூஜெர்சி மாநிலத்தின் காம்டன் நகரில், குண்டடிபட்டவர்கள் மருத்துவமனை சேர எடுக்கும் நேரம் குறைந்ததாக மருத்துவர்கள் எழுதினார்கள்.

என் ஆதங்கம் வேறு. உயிர் காப்பதுதான் நோக்கம் என்றால் எச்சரிக்கை ஆம்புலன்ஸ் பிரிவுக்கும் அதே நொடியில் போக வேண்டும். காவலர்களும் இரத்தப்போக்கை நிறுத்தும் பயிற்சியோடும் பொருள்களோடும் போக வேண்டும். விற்பனைப் பேச்சில் முதலில் வரும் உயிர், ஒப்பந்தத்தில் எத்தனையாவது பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள்.

இளவேனில்: ஏழைப் பகுதிகளில் மட்டும் ஒலிவாங்கி வைப்பது பாரபட்சம் இல்லையா?

சூடு அதிகம் நடக்கும் இடத்தில் வைக்கிறோம் என்பது நகரங்களின் பதில். அதில் நியாயம் இருக்கிறது. சிக்கல் அதற்குப் பிறகு. எச்சரிக்கை கேட்டு வரும் காவலர், துப்பாக்கியோடு ஒருவனைப் பார்க்கப்போகிறோம் என்ற எதிர்பார்ப்போடுதான் வண்டியை விட்டு இறங்குகிறார். 2021 மார்ச்சில் சிகாகோவில் எச்சரிக்கை சரியாகவே வந்தது. விரட்டிப்போன காவலர் சுட்டதில் 13 வயதுச் சிறுவன் இறந்தான். அதற்குச் சற்று முன்புதான் கையிலிருந்த துப்பாக்கியைக் கீழே போட்டிருந்தான். 2024 ஜனவரியில் அதே நகரில் எச்சரிக்கை கேட்டுப் போன காவலர், பட்டாசு கொளுத்திய சிறுவனை நோக்கிச் சுட்டார். குண்டு படவில்லை. ஒரு பகுதியில் எச்சரிக்கைகள் அடிக்கடி வருகின்றன என்பதையே ஆட்களை நிறுத்திச் சோதனையிடக் காரணமாகச் சிலர் காட்டியதையும் மேற்சொன்ன சிகாகோ தலைமை ஆய்வாளரின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

ஆனால் அந்தப் பகுதி மக்கள் எல்லோரும் இதை எதிர்க்கிறார்கள் என்று வெளியே இருந்து நாம் பேசக் கூடாது. 2024 செப்டம்பரில் சிகாகோ மேயர் பிராண்டன் ஜான்சன் கருவிகளை நிறுத்த முனைந்தபோது, நகர மன்றம் 33க்கு 14 என்ற கணக்கில் தொடர வேண்டும் என்று வாக்களித்தது. அந்த 33 பேரில் கறுப்பின மக்கள் வாழும் வட்டாரங்களின் உறுப்பினர்களும் இருந்தார்கள். மேயர் அசையவில்லை, அம்மாதம் 22ஆம் தேதி கருவிகள் நின்றன.

மௌனி: ஒலிவாங்கி எங்கள் பேச்சையும் கேட்குமா?

ஒலிவாங்கி எப்போதும் விழித்தே இருக்கும். வெடிச்சத்தத்தைச் சுற்றிய சில விநாடிகளை மட்டுமே அனுப்புகிறது. வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்பது இப்போதைய நடைமுறையில் சிரமம். ஆனால் தெருவில் உரக்கப் பேசியது பதிவாகி வழக்கில் வந்ததுண்டு: 2007இல் ஓக்லாந்தில், பிறகு மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டில்.

வாதி: நீதிமன்றத்தில் இது சாட்சியாக நிற்குமா?

சில இடங்களில் ஏற்கிறார்கள். சிகாகோவில் 65 வயது மனிதர் ஒருவர் இந்தக் கருவியின் பதிவை முக்கியச் சான்றாகக் கொண்ட கொலைவழக்கில் ஏறத்தாழ ஓராண்டு சிறையில் இருந்தார். 2021இல் அரசுத் தரப்பே போதிய சான்று இல்லை என்று வழக்கைக் கைவிட்டது. தேடப் போவதற்குத் துப்பாக இருக்கட்டும். ஒருவரை உள்ளே தள்ள இது மட்டும் போதாது.

பொன்னி: வீட்டுக்குள் சுட்டால்? சைலன்சர் வைத்தால்?

பெரும்பாலும் தவறிவிடும். திறந்தவெளிக்காக அமைத்த கருவி இது.

நகரவாசி: எங்கள் நகர மன்றத்தில் ஒப்பந்தப் புதுப்பிப்பு வருகிறது. என்ன கேட்கலாம்?

குற்றத்தைக் குறைக்கும் என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை. காயம்பட்டவரைக் காக்க, தடயம் சேர்க்க என்றால் ஓராண்டுக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். சதுர மைலுக்கு ஆண்டுக்கு 65,000 முதல் 90,000 டாலர் வரை என்று விலை பேசப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் என்ன கிடைத்தது, யாரை நிறுத்தினார்கள், காயம்பட்டவர் இருந்தாரா, 911 அழைப்பும் வந்ததா என்ற விவரங்களை மாதந்தோறும் பொதுவில் வெளியிட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கணக்கைப் பார்க்க வேண்டியவர்கள் நிறுவனமும் காவல்துறையும் அல்லாத மூன்றாம் தரப்பினர். நிறுவனம் இந்த நிபந்தனைக்குத் தயங்கினால், ஒப்பந்தத்தை எதிர்த்து வாக்களிக்கும்படி உங்கள் நகர மன்ற உறுப்பினரிடம் சொல்லுங்கள்.