திரை கறுத்த போனிலிருந்து அம்மாவின் குரலை மீட்க

கேள்வி: தைப்பூசக் காவடியன்று கோர் தெ கார்ட் மலைக் கோயில் படியில் என் சாம்சங் கேலக்ஸி ஏ வரிசை போன் விழுந்துவிட்டது. யாராவது கூப்பிட்டால் மணி அடிக்கிறது. திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. காலமான அம்மா அனுப்பிய குரல் பதிவுகள் அதன் வாட்ஸ்அப்பில்தான் உள்ளன. ரிப்பேர் கடையில் ஃபார்மட் செய்து பார்க்கலாம் என்கிறார்கள். புது ஆண்ட்ராய்டு போன் வாங்கிவிட்டேன். என்ன செய்வது? (வாசகி, கத்ர் போர்ன், மொரீஷியஸ்)

பதில்: சகோதரி, முதலில் அந்த ஃபார்மட்டுக்குக் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். மணி அடிக்கிறது என்றால் உள்ளே இருக்கும் மெயின் போர்டு உயிரோடு இருக்கிறது. பதிவுகளும் பத்திரமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உடைந்திருப்பது பெரும்பாலும் திரை மட்டுமே. ஃபார்மட் செய்தால் என்கிரிப்ஷன் (தகவலைப் பூட்டி வைக்கும் முறை) சாவி அழியும். பிறகு யாராலும் எதையும் மீட்க முடியாது. சிப்பைக் கழற்றித் தகவலை எடுத்துத் தருகிறேன் என்பவரையும் நம்ப வேண்டாம். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் புதிய போன்கள் எல்லாவற்றிலும் என்கிரிப்ஷன் கட்டாயம். தனியாகக் கழற்றிய சிப்பில் புரியாத குப்பைதான் கிடைக்கும்.

அடுத்து, போனை அணைக்காதீர்கள், சார்ஜ் தீரவும் விடாதீர்கள். ரீஸ்டார்ட் ஆனால் பின் எண் போடும்வரை வாட்ஸ்அப் போன்ற செயலிகள் இயங்காது. வேறொரு போனிலிருந்து உங்கள் எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிப் பாருங்கள் (கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் மூடிவிட்டு). இரண்டு டிக் விழுந்தால் உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் வீட்டு வைஃபையில், சார்ஜரில் இரவு முழுக்க வையுங்கள். முன்பே பேக்அப் போட்டிருந்தால் கூகுள் போட்டோஸ் தானாகப் படங்களை ஏற்றும். வாட்ஸ்அப்பின் தானியங்கி பேக்அப் அதிகாலை 2 மணிக்கு ஓடும். காலையில் கணினியில் உங்கள் கூகுள் கணக்கைத் திறந்து படங்கள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இலவச இடம் 15 ஜிபிதான். அது நிரம்பியிருந்தால் எதுவும் ஏறியிருக்காது.

யூஎஸ்பி கேபிளைச் செருகினால் மட்டும் ஃபைல்கள் தெரியாது, திரையில் அனுமதி கொடுக்க வேண்டும். டிவியில் திரையைப் பார்த்து அனுமதி கொடுக்கலாம் என்றால், ஏ வரிசையில் பெரும்பாலானவை கேபிள் வழியாக டிவிக்குப் படம் அனுப்பாதவை. ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் வழி திரையை மாற்றுவதுதான். தூக்கிப்போடப் போகிற போனுக்குச் செலவா என்று தோன்றும். அம்மாவின் குரலுக்காக அந்தச் செலவைச் செய்யலாம். புதுத் திரையை ஒட்டக்கூட வேண்டியதில்லை. பின்பக்கத்தைத் திறந்து, அந்த மாடலுக்கான டிஸ்ப்ளேயைக் கனெக்டரில் மாட்டினால் வேலை முடிந்தது. "ஒட்ட வேண்டாம், மாட்டி மட்டும் கொடுங்கள், நான் தகவலை எடுத்துக்கொள்கிறேன்" என்று ரோஸ் ஹில்லிலோ போர்ட் லூயியிலோ விவரம் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். பேட்டரியைக் கழற்றினால் போன் ரீஸ்டார்ட் ஆகும், கைரேகை உதவாது. எனவே பின் எண் நினைவில் இருக்கட்டும். அந்த எண்ணைக் கடையில் எழுதிக் கொடுக்காமல், பக்கத்தில் இருந்து நீங்களே போடுங்கள்.

திரை ஒளிர்ந்ததும் முதலில் கேபிளில் கணினியோடு இணைத்து, ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா என்று உள்ளே போங்கள். அங்கே 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' ஃபோல்டரில் ஆண்டும் வார எண்ணும் சேர்ந்த பெயருடைய சிறு ஃபோல்டர்கள் இருக்கும், அவற்றில் .ஓபஸ் என்று முடிபவைதான் குரல் பதிவுகள். அனுப்பியவர் பெயர் ஃபைலில் இருக்காது, தேதியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மொத்தத்தையும் கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் பிரதி எடுங்கள். அதன்பின் படங்கள், அதன்பின் சாம்சங்கின் ஸ்மார்ட் ஸ்விட்ச் செயலி வழியாகத் தொடர்பு எண்கள்.

இதெல்லாம் முடியும்வரை புது போனில் வாட்ஸ்அப்பைத் திறக்கவே வேண்டாம். அதே எண்ணில் பதிவு செய்து, பழையதை மீட்கவா என்று கேட்கும்போது தவிர்த்துவிட்டால், புதிய வெற்று பேக்அப் உங்கள் பழைய பேக்அப்பின் மேல் ஏறிவிடும். இதனால் பறிகொடுத்தவர்கள் பலர். பிரதி எடுத்த பிறகு, பழைய போனின் வாட்ஸ்அப் அமைப்புகளில் 'சாட்ஸ்' பகுதிக்குள் இருக்கும் 'டிரான்ஸ்ஃபர் சாட்ஸ்' வசதியில் க்யூஆர் ஸ்கேன் செய்து நேரடியாக மாற்றுங்கள். ஜூஸ் போன்ற வங்கிச் செயலிகளைப் பிரதி எடுக்க முடியாது. புது போனில் மறுபடி பதிவு செய்ய வேண்டும். அதற்கு உங்கள் சிம் புது போனில் இருக்க வேண்டும்.